ஏழுக்கு நாலு

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு வாசலில் லாரி நிற்காது. நடை முடிந்து விடியற்காலை மூன்று மணிக்கு வந்தாலும் அப்பா வண்டியை மெயின் ரோட்டிலேயே ஓரங்கட்டிவிட்டு நடந்துதான் வருவார். சங்ககிரியில் லாரிக்காரர் வீட்டு வாசலை லாரிக்கு மறுப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் அம்மா சாணி தெளித்துப் புள்ளி வைக்கும் இடத்தில் டயர் ஏறக் கூடாது. அவ்வளவுதான்.

இப்போதும் ஊருக்குப் போனால் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எதிரே மலை இருட்டாக நிற்கும். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை அது. நான் கம்ப்யூட்டரில் முதன்முதலில் வரைந்த படமும் அந்த மலைதான்.

கல்லூரி இரண்டாம் வருஷம். லேபில் டர்போ சி, நீலத் திரை. கிராஃபிக்ஸுக்குள் போனால் குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள், பதினாறு நிறங்கள். மேட்ரிக்ஸ் பெருக்கலை முடித்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியபின் அரைமணி நேரம் மிச்சமிருக்கும். அந்த அரைமணியில்தான் மலை வந்தது, மலைக்குப் பின்னால் சூரியன் வந்தது, பிறகு ஒருநாள் கோலம் வந்தது.

சிக்குக் கோலம். புள்ளிகளைச் சதுரமாக வைத்துவிட்டு, கோடு எப்படிப் போகிறது என்று அம்மாவின் விரலை ஒரு வாரம் பார்த்தேன். கேரம் போர்டு நினைவுக்கு வந்தது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு சாய்வாகப் போகிறது. ஓரம் வந்ததும், காயின் கட்டையில் பட்டுத் திரும்புவதுபோல வளைந்து திரும்புகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு இழை முடிந்தது. விடுபட்ட இடம் இருந்தால் அங்கிருந்து அடுத்த இழை. இதை அப்படியே புரோகிராமாக எழுதி, இழைக்கு ஒரு நிறம் கொடுத்தேன். ஐந்துக்கு ஐந்து வைத்தால் ஐந்து நிறம் வந்தது. ஆறுக்கு நாலு வைத்தால் இரண்டு. ஐந்துக்கு நாலு வைத்தபோது திரை முழுக்க ஒரே மஞ்சள்.

தப்பாக எழுதிவிட்டோமோ என்று அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். அம்மா மாவு சலித்துக்கொண்டே சொன்னாள். “அஞ்சுக்கு அஞ்சு வெச்சா அத்தன இழையாப் பிரியும் கண்ணு. ஒண்ணக் கொறச்சு நாலுக்கு வெய்யி, ஒரே இழையா வந்து சேந்துக்கும்.”

மறுநாள் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஐந்துக்கும் ஐந்துக்கும் மீப்பெரு பொது வகுத்தி ஐந்து. ஆறுக்கும் நாலுக்கும் இரண்டு. ஐந்துக்கும் நாலுக்கும் ஒன்று. இழைகளின் எண்ணிக்கை அதுதான்! போன மாதம் லேப் ரெக்கார்டில் யூக்ளிட் முறையென்று எழுதி, ஏன் என்று தெரியாமலே மார்க் வாங்கிய அதே கணக்கு. அந்த நிமிஷத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை, பிற்பாடு சம்பளம் வாங்கி எழுதிய எந்த புரோகிராமும் தரவில்லை.

அந்தக் காலத்தில் ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் பே ரோல், லைப்ரரி மேனேஜ்மென்ட். பணம் கொடுத்தால் எழுதி பைண்டிங் போட்டே தரும் கடைகள் இருந்தன. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் வாங்கினார்கள். யாரும் கேட்காத கோலத்துக்கும் மலைக்கும் எந்தக் கடையிலும் விலை இல்லை. அதனால் அவற்றை நாமே எழுத வேண்டியிருந்தது.

கோலத்துக்கு அடுத்து லாரி. விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு லாரியின் முதுகு வரும். அதில் ஒரு புது வாசகம். சொற்களை மூன்று பட்டியலாகப் பிரித்து, குலுக்கி எடுத்து அடுக்கும் வேலை. சொல் சேர்ப்பது சுலபம், எழுத்துதான் கஷ்டம். டர்போ சி-யில் தமிழ் எழுத்துரு இல்லை. கிராஃப் நோட்டில் பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்டு ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினேன். ‘மழை’ மட்டும் அடங்கவே இல்லை.

திருச்செங்கோடு ரோட்டில் பாடி கட்டும் பட்டறை ஒன்று. வெறும் சேசிஸாக வரும் வண்டி அங்கே மரமும் தகரமும் ஏறி லாரியாக நிற்கும். அங்கிருந்த பெயிண்டர் அண்ணன், சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். பலகையில் வெள்ளைக் கோடு விழும். கோட்டைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழும். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “ழ-வுக்கு வாலு கீழ போகுந் தம்பி. அதுக்கு மொதல்லயே எடம் உடோணும்.” எழுத்துரு வடிவமைப்பில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். கட்டத்தை இருபது வரிசையாக்கினேன், ‘மழை’ வந்தது.

அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இருபது லாரிகளை நிதானமாகப் பார்த்தார். “எல்லாஞ் செரி கண்ணு, சவுண்ட் ஹார்ன் எங்க? அது இல்லாம வண்டிய ரோட்டுக்கு எடுக்கக் கூடாது.” சேர்த்துவிட்டேன்.

நான் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டினேன் என்றால், முத்து அண்ணாமலை என்பவர் தமிழிலேயே ‘எழில்’ என்று ஒரு நிரல் மொழியே செய்திருக்கிறார் என்று பல வருஷம் கழித்து அறிந்தேன். 2009இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டிருந்தார். அச்சிட ‘பதிப்பி’, விடையைத் திருப்பித்தர ‘பின்கொடு’, முடிக்க ‘முடி’. என்னைக் கட்டிப்போட்டது ‘ஆனால்’. நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு, ‘ஆனால்’ என்று பின்னால் போட வேண்டும். மழை பெய்தால் என்று நாம் சொல்வதும் அந்த வரிசையில்தானே? ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லை ஒட்டாமல், தமிழ் வாக்கியம் நடக்கும் வழியிலேயே கம்ப்யூட்டரை நடக்க வைத்திருக்கிறார். யாரும் கேட்காமல் எழுதியது பெரிதாவதும் உண்டு. லினக்ஸும் ஒரு மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்தார்.

கோலத்துக்கும் மூத்தவர்கள் இருந்தார்கள். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை இலக்கணமாக எழுதி 1974இலேயே கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் விதிகள், அந்த விதிகளைக் கொண்டு கம்ப்யூட்டர் கோலம் போடும். அதைப் படித்தபோது பின்தங்கிவிட்டோம் என்ற வருத்தம் துளியும் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்ததுபோல இருந்தது. கல்லூரியில் இந்தப் பெயர்களை ஒருவராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் அவர்களுக்கு இடம் கொடுக்காதது பெரிய குறை என்றே இன்றும் நினைக்கிறேன்.

கோலமும் லாரியும் இருந்த ஃபிளாப்பி இப்போது எதிலும் ஓடாது. கிராஃப் நோட்டு மட்டும் பீரோவில் இருக்கிறது, இருபது வரிசை ‘ழ’வோடு.

இன்று காலை பனி அதிகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிந்தால் நிமிர நேரமாகிறது. அதனால் கோலத்தைச் சின்னதாக்கிக்கொண்டாள். நான் புள்ளிகளை எண்ணினேன். ஏழுக்கு நாலு. ஒரே இழையில் முடிந்திருந்தது.