கறையான் புற்றும் காற்றோடும் மாளிகையும்

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது தமிழ் வழக்கு. உழைப்பவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் என்ற மனக்கசப்பை வெளியிட எழுந்த அம் முதுமொழி, புற்றினை ஒரு வீடாகவே கண்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், சிம்பாப்வேயின் தலைநகராகிய ஹராரேயில் மனிதரே கறையானின் வீட்டிற் குடிபுகுந்தனர் என்று உலகெங்கும் எழுதப்பட்டது. 1996 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட ஈஸ்ற்கேற் என்னும் கட்டடத்தொகுதியே அப் புகழுக்குரியது. வளிச்சீராக்கத் தொகுதி இன்றியே குளிர்ச்சி பேணும் பெருங் கட்டடம் என்ற வகையிலும், மனிதன் கறையானிடம் பாடங் கேட்ட இடம் என்ற வகையிலும் அது கட்டடக்கலை வகுப்புக்களில் நீங்கா இடம் பெற்றுவிட்டது. இவற்றுள் முதலாவது மெய். இரண்டாவது அத்துணை எளிதான செய்தியன்று.

கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ். பொறியியற் பொறுப்பை ஏற்றவர்கள் அரூப் நிறுவனத்தினர். அவர்கள்முன் வைக்கப்பட்ட நிபந்தனை இயற்கைமீது கொண்ட காதலாற் பிறந்ததன்று. வளிச்சீராக்கத் தொகுதியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். பழுதுற்றால் உதிரிப்பாகங்களுக்கும் அதே செலாவணி வேண்டும். ஆதலின் அஃது இல்லாமலே கடைகளும் அலுவலகங்களும் இயங்கத்தக்க கட்டடம் ஒன்றை உரிமையாளர் வேண்டினர். வறுமை சிக்கனத்தைக் கற்பிக்கும் என்பர். இங்கு அது பௌதிகவியலையுங் கற்பித்தது.

ஹராரே அயனமண்டலத்துள் அமைந்த நகரேயாயினும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்திலுள்ளது. ஆண்டின் நீண்டதொரு பகுதியில் காற்று வரண்டும் வானந் தெளிந்தும் இருக்கும். பகலில் நிலம் பெறும் வெப்பம் இரவில் விரைந்து வானை நோக்கிக் கதிர்வீசி அகன்றுவிடும். பகல் வெப்பநிலைக்கும் இரவு வெப்பநிலைக்கும் இடையே பத்துச் செல்சியஸ் பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு அங்கு சாதாரணம். இவ் வேறுபாடே அக் கட்டடத்தின் மூலதனம்.

ஒன்பது மாடிகள் கொண்ட இரு நீண்ட கட்டடங்கள். அவற்றிடையே கண்ணாடிக் கூரையிட்ட முற்றம். இரவானதும், கீழ் மட்டத்தில் அமைந்த விசிறிகள் முற்றத்துக் குளிர்காற்றை உறிஞ்சி, கட்டடத்தின் நடுவே செங்குத்தாய் எழும் குழாய்கள் வழியே மேலேற்றி, மாடிதோறும் தளத்துக்கடியில் விடப்பட்ட வெற்றிடத்துட் செலுத்துகின்றன. அவ் வெற்றிடத்திற் கொங்கிறீற்றுப் பற்கள் வரிசையாக நிற்கின்றன. காற்றுத் தொடும் பரப்பைப் பெருக்குவதே அப் பற்களின் வேலை. மணிக்குப் பத்துத் தடவை என்னும் அளவிற் காற்று மாற்றப்பட, கொங்கிறீற்றுப் பகலில் உட்கொண்ட வெப்பம் கழுவிச் செல்லப்படுகிறது. பகலில் விசிறிகள் தணிகின்றன. மணிக்கு இரு தடவை மாத்திரமே காற்று மாறும். வெளியே வெயில் எரிக்கையில், உள்வரும் காற்று இரவிற் குளிர்ந்திருந்த பற்களைத் தழுவித் தானுங் குளிர்ந்து, தரை மட்டத்துத் துவாரங்களால் அறைகளை அடைகிறது. மனிதராலும் விளக்குகளாலும் பொறிகளாலும் சூடேறிய காற்று அடர்த்தி குன்றி மேலெழுந்து, உட்கூரையை அடுத்த துவாரங்களிற் புகுந்து, உச்சியில் வரிசையாக நிற்கும் 48 புகைபோக்கிகளால் வெளியேறுகிறது. புகைபோக்கி என்பது பழக்கம் பற்றி வந்த பெயர். அவற்றிற் புகை இல்லை. வெயில் நேரே உட்புகாவண்ணம் யன்னல்கள் அளவிற் சிறுத்து, புறச்சுவரின் நீட்டங்களால் நிழலூட்டப்பட்டுள்ளன.

முற்றிலும் இயற்கையான காற்றோட்டம் என்று இதனைப் போற்றுவோர் விசிறிகளை மறந்துவிடுகின்றனர். மின்விசிறி இன்றேல் அவ்விரவுக் கழுவல் இல்லை. ஆயினும் காற்றை நகர்த்துவதற்கு வேண்டிய மின்சாரம், காற்றைக் குளிர்விப்பதற்கு வேண்டியதினும் மிகச் சிறிது. எவ்வளவு மிச்சம் என்பதில் எழுதுவோர் ஒருமைப்படவில்லை. ஒத்த கட்டடங்கள் நுகர்வதிற் பத்திலொரு பங்கே போதும் என்பார் ஒருபுறம். 35 வீதம் குறைவு என்பார் மறுபுறம். எதனோடு எதனை ஒப்பிட்டனர் என்பதைப் பொறுத்தே இத்தகைய எண்கள் மாறும். அடக்கமான கணக்கை ஏற்பினும் இழப்பில்லை. 35 வீதமே பெருஞ் சேமிப்பு. இறக்குமதி தவிர்க்கப்பட்டமையால் மிஞ்சிய தொகை 35 இலட்சம் அமெரிக்க டொலர் எனவும், அதன் பயனாய் வாடகையும் அயற் கட்டடங்களிலும் குறைந்திருந்தது எனவுங் கூறப்படுகிறது.

இனிக் கறையானுக்கு வருவோம். பியர்ஸ் கைக்கொண்ட கருத்தின் வேர் சுவிற்சர்லாந்து அறிஞர் மார்ட்டின் லூஷர் 1961 இல் வெளியிட்ட கட்டுரையில் உண்டு. கூட்டிலுள்ள கறையான்களும் அவை வளர்க்கும் பூஞ்சணமும் உண்டாக்கும் வெப்பத்தாற் காற்று மேலெழுந்து, புற்றின் விளிம்புகளிலுள்ள நுண்குழாய்களால் இறங்கி, வழியிற் காபனீரொட்சைட்டை நீக்கி ஒட்சிசனை ஏற்று மீளும் என்றார் அவர். கருத்து அழகியது. கட்டடக் கலைஞர் கண்களுக்குப் புற்று ஒரு புகைபோக்கியாய்த் தோன்றியதில் வியப்பில்லை. ஆயின் ஸ்கொற் ரேணர் என்னும் உயிரியலறிஞர் நமீபியாவிற் புற்றுக்களுள் வாயுவைச் செலுத்தி அதன் போக்கை அளந்தபோது அவ்வாறான ஒழுங்கான சுற்றோட்டம் காணப்படவில்லை. பொறியியலாளர் ரூபேட் சோருடன் சேர்ந்து, புற்றினுட் சாந்தை ஊற்றி இறுகவைத்து, மண்ணைக் கழுவி நீக்கி, உள்ளிருந்த குழாய்வலையின் வடிவத்தையே அவர் வெளிக்கொணர்ந்தார். 2008 இல் இருவரும் எழுதிய கட்டுரையின்படி, புற்று புகைபோக்கியிலும் சுவாசப்பைக்கே நெருங்கியது. வெளியே அலைக்கழியும் காற்றின் ஏற்றத்தாழ்வுகளே வாயுப் பரிமாற்றத்தைத் தூண்டுகின்றன. அதனினும் முக்கியமானது பிறிதொன்று. கூட்டின் வெப்பநிலை மாறாது பேணப்படுகிறது என்பதே ஈஸ்ற்கேற் கதையின் உயிர்நாடி. ரேணரின் அளவீடுகளிலோ அது சூழவுள்ள மண்ணைப் பின்பற்றி ஆண்டுக்குள் ஏறியும் இறங்கியும் வந்தது.

பிழையான விளக்கத்திலிருந்து சரியான கட்டடம் எழுந்தது எங்ஙனம்? கட்டடத்தை நடத்தியது உவமையன்று. அரூப் பொறியியலாளரின் கணக்கே. கொங்கிறீற்றின் வெப்பக் கொள்ளளவு, இரவுக் காற்றின் வெப்பநிலை, குழாயின் குறுக்குப்பரப்பு ஆகியன கறையானைப் பற்றிய கொள்கை மாறினாலும் மாறுவனவல்ல. உவமை வழி திறந்தது. கணக்கு நடந்து சென்றது. எனினும் மாணவர்க்கு இக் கதையைக் கூறும் ஆசிரியர் அதன் பிற்பாதியையும் கூறாதுவிடின் விஞ்ஞானத்தைப் பாதியே கூறியவராவர்.

கதை அத்துடனும் முடியவில்லை. தென்னிந்தியாவிற் காணப்படும் ஒருவகைக் கறையானின் புற்றை ஆராய்ந்த கிங், ஒக்கோ, மகாதேவன் என்போர் 2015 இல் வேறொரு விடையை வெளியிட்டனர். புற்றின் மெல்லிய வெளிவிளிம்புகள் பகலில் விரைந்து சூடேறி இரவில் விரைந்து குளிர்கின்றன. நடுப்பகுதி பிந்தியே மாறுகிறது. ஆதலிற் பகலில் ஒரு திசையிலும் இரவில் எதிர்த்திசையிலும் காற்றுச் சுழல்கிறது. பகலிற் கூட்டிற் சேரும் காபனீரொட்சைட்டு இரவில் வெளியேற்றப்படுகிறது. பகலுக்கும் இரவுக்குமுள்ள வேறுபாட்டையே தொழிலாளியாக்கும் இந்தப் புற்று, பியர்ஸ் எண்ணிய புற்றினும் பியர்ஸ் கட்டிய மாளிகைக்கு அண்மையது.

அவ் வேறுபாடு இல்லாத ஊரில் என் செய்வது என்ற வினா இலங்கையர் வாயில் எழுதல் இயல்பு. கொழும்பில் ஆண்டின் பெரும்பகுதியில் இரவு வெப்பநிலை 24 அல்லது 25 பாகையளவில் நின்றுவிடும். காற்றும் ஈரம் மிக்கது. பகல் வெப்பத்தைக் கழுவுதற்கு அங்கு வேண்டிய இரவுக் குளிர் இல்லை. ஈஸ்ற்கேற்றின் புகைபோக்கிகளை அவ்வாறே பெயர்த்துக் கொழும்பில் நடின் அவை அலங்காரமாகவே நிற்கும். மலைநாட்டின் வரண்ட பக்கமான ஊவாவிற் பரிசோதிக்க ஓரளவு இடமுண்டு. ஈரமண்டலத் தாழ்நிலத்திலோ உடலின் வியர்வையை உலர்த்தும் வகையிற் காற்று தோலின்மீது நகர வேண்டும். எதிரெதிர் யன்னல்கள், ஒடுங்கிய அறைகள், நீண்ட தாழ்வாரம், நாற்சார் வீட்டின் நடுமுற்றம் ஆகியவை அவ்வேலையை முன்னரே அறிந்திருந்தன. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தபோது, நாற்புறமுங் கண்ணாடியால் அடைக்கப்பட்ட அலுவலகங்கள் டீசலை எரித்தே மூச்சுவிட்டன. டீசலும் கிடையாத நாட்களில் அவற்றிலிருந்தோர்க்குத் திறப்பதற்கு ஒரு யன்னலும் இல்லை.