ஸ்பீடு இருக்கு, நெட்டு இல்லை

"உங்க ஊர்ல நெட் எப்படி?" என்று யார் கேட்டாலும் நாம் சொல்வது ஒரே ஒரு எண்தான். "நாப்பது வருதுடா." "எங்க ஏரியால நூறு." அந்த நாற்பதை வைத்துக்கொண்டு படம் பார்க்கலாம், பாட்டு இறக்கலாம். ஆன்லைனில் விளையாட மட்டும் முடியாது. ஏன் என்று புரிய எனக்கு ஒரு செமஸ்டர் பிடித்தது. கேம் என்றாலே முகம் சுளிக்கும் நல்லவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஆன்லைன் இன்டர்வியூவில் உங்கள் முகம் அப்படியே உறைந்து போவதற்கும் இதேதான் காரணம்.

முதலில் என் நிலைமை. வீடு துறையூர் பக்கம் ஒரு கிராமம். எங்கள் தெருவுக்கு ஃபைபர் கேபிள் இன்னும் வரவில்லை. அதனால் சிம் போட்ட ரவுட்டர்தான் வீட்டு நெட். அப்பாவின் செய்தி, அம்மாவின் சீரியல், தங்கச்சியின் கிளாஸ், என் வேலரன்ட் எல்லாமே அந்த ஒரு டப்பாவில்தான் ஓடுகின்றன.

வேலரன்ட் தெரியாதவர்களுக்கு: ஒரு அணிக்கு ஐந்து பேர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நாங்கள் ஐந்து பேர். இன்று ஒருவன் கோயம்புத்தூர், ஒருவன் சென்னை, இரண்டு பேர் பெங்களூரு, நான் மட்டும் இங்கே. ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு அந்த கேமில்தான் சந்திப்போம். விளையாட்டு பாதி, ஊர்க்கதை பாதி. இதில் ஒரு சிக்கல். ரேங்க் ஆட்டத்துக்கு ஒருவர், இருவர், மூவர் அல்லது ஐவர் சேர்ந்து போகலாம், நால்வராகப் போக முடியாது. அதாவது என் நெட் போனால் மற்ற நாலு பேரும் சேர்ந்து ரேங்க் ஆட முடியாது. ஒன்று, ஒருவனைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் எனக்குப் பதிலாக வேறொருவனைப் பிடிக்க வேண்டும்.

கடந்த வருடம் ஆட்டத்துக்கு நடுவே நெட் அடிக்கடி அறுந்தது. ஆட்டத்தை விட்டுப் போகிறவனுக்கு கேம் தண்டனை கொடுக்கும். புள்ளி குறையும், கொஞ்ச நேரம் உள்ளே விடாது. கோபத்தில் லேப்டாப்பை மூடியவனா, டவர் கைவிட்டவனா என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தண்டனை, மிச்ச நாலு பேருக்கு ஐந்து பேரோடு மல்லுக்கட்டு. "பரவால்லடா மச்சான்" என்றார்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பரவாயில்லை மெதுவாக வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, ஆபீஸ் நண்பன் ஒருவனை எனக்குப் பதிலாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "ஸ்பீட் டெஸ்ட் எடுங்க சார்." எடுத்தேன், 40 எம்.பி.பி.எஸ். "நல்லாத்தானே சார் வருது!" அவர் சொன்னதும் சரிதான், என் ஆட்டம் உறைந்ததும் உண்மைதான். அப்போதுதான் தப்பான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது.

இந்த மாதிரி கேமுக்கு ஸ்பீடு பெரிதாகத் தேவையே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி ஹெச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் 3 ஜி.பி. வரை ஆகும். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு அதில் சின்னப் பங்குகூட ஆகாது. "இடப்பக்கம் நகர்ந்தேன், சுட்டேன்" என்பது மாதிரி குட்டிக் குட்டித் தகவல்கள்தான் போகின்றன. ஆனால் அவை உடனே போக வேண்டும், சீராகவும் போக வேண்டும். வேலரன்ட் சர்வர் ஒரு நொடிக்கு 128 தடவை கணக்குப் பார்க்கிறது. தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் பிங். அது ஏறி இறங்கி ஆடினால் அதற்குப் பெயர் ஜிட்டர்.

நம்ம காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன். கணக்குக்காக இரண்டு இணைப்புகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் ஐந்து முறை பிங் 58, 61, 60, 59, 62. இரண்டாவதில் 25, 30, 28, 27, 190. இரண்டுக்கும் சராசரி 60தான். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டுப் பாருங்கள்: முதலாவதுக்கு 1.4, இரண்டாவதுக்கு 65! முதலாவதில் நிம்மதியாக விளையாடலாம். இரண்டாவதில், அந்த 190 வருகிற நேரம் பார்த்து எதிரி மூலையிலிருந்து எட்டிப் பார்ப்பான், நீங்கள் காலி. இரண்டாம் வருஷம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே இடம் இதுதான்.

சரி, இந்த 190 எங்கிருந்து வருகிறது? கண்டுபிடிப்பது எளிது. லேப்டாப்பை கேபிள் போட்டு ரவுட்டரோடு இணைத்து, முதலில் ரவுட்டருக்கே பிங் அடித்துப் பாருங்கள். எனக்கு 1 மில்லி செகண்டுதான் வந்தது, ஆக வீட்டுக்குள் கோளாறு இல்லை. அப்புறம் வெளியே அடியுங்கள். எனக்கு அங்கேதான் ஆட ஆரம்பித்தது.

நாங்கள் ஆடும் சர்வர் மும்பையில். திருச்சியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதாவது போய் வர வெறும் 11 மில்லி செகண்டு. கேபிள் ஊரைச் சுற்றிப் போனாலும் அந்தத் தூரத்தால் ஆட்டம் கெடாது. கெடுவது என் வீட்டுக்கும் டவருக்கும் நடுவே இருக்கும் 2 கிலோமீட்டரில். 1,100 கிலோமீட்டர் தாண்டத் தெரிந்ததற்கு இரண்டு கிலோமீட்டர் தாண்டத் தெரியவில்லை!

காரணம், அந்த இரண்டு கிலோமீட்டர் எல்லோருக்கும் பொது. 4ஜி டவர் நேரத்தை ஒவ்வொரு மில்லி செகண்டாக நறுக்கி, இந்தத் துண்டு யாருக்கு என்று பங்கு போடுகிறது. நான் சுட்ட தகவலை அனுப்ப வேண்டுமென்றால் என் ரவுட்டர் முதலில் டவரிடம் அனுமதி கேட்கும். டவர் ஒதுக்கித் தர வேண்டும், பிறகுதான் அனுப்பலாம். வழியில் கெட்டுப் போனால் மறுபடி அனுப்ப இன்னும் சுமார் 8 மில்லி செகண்டு. மத்தியானம் இதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். ராத்திரி 9 மணிக்கு ஊரே ரீல்ஸ் பார்க்கிறது, ஐ.பி.எல். சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். ரேஷன் கடையில் பாமாயில் வந்த நாள் மாதிரி வரிசை நீண்டுவிடும். போனில் சிக்னல் கோடு மட்டும் முழுசாக இருக்கும். அது டவரின் சத்தம் உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு. வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அது காட்டாது.

இன்னொரு வரிசை வீட்டுக்குள்ளேயே உண்டு. தங்கச்சியின் போன் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்தால் ரவுட்டரில் அவை குவிந்து நிற்கும். என் குட்டித் தகவல் அவற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பஃபர்ப்ளோட் என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

நான் செய்து பார்த்ததில் பலன் தந்தவை:

1. ரவுட்டரை ஹாலிலிருந்து தூக்கி, மாடியில் டவரைப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். அங்கிருந்து லேப்டாப்புக்கு நீளக் கேபிள். தகவல் கெட்டுப் போய் மறுபடி அனுப்புவது குறைந்தது.

2. போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றினேன். தங்கச்சிக்கு லஞ்சம் ஒரு டெய்ரி மில்க்.

3. ரவுட்டர் செட்டிங்கில் பேண்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். 2300 பேண்டில் ஸ்பீடு அதிகம், ஆனால் சுவரைத் தாண்ட திணறும். 850 தூரம் போகும், ஆனால் இடம் குறைவு. எது சரி என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

பலன் தராதவை: பெரிய பிளான், கேம் பூஸ்டர் என்று வரும் ஆப்கள். வரிசை டவரில் இருக்கும்போது போனில் எந்த ஆப் போட்டு என்ன ஆகப் போகிறது?

இவ்வளவு செய்தும் ராத்திரி 9 மணி 9 மணிதான். கடைசியில் வேலை செய்தது டெக்னாலஜி இல்லை. மேலே எழுதிய கணக்கை அப்படியே குரூப்பில் போட்டேன். பெங்களூரு நண்பன்தான் சொன்னான், "அப்போ காலைல ஆடலாம்டா, ஆறு மணிக்கு டவர் காலியாத்தானே இருக்கும்?" ஞாயிற்றுக்கிழமை 6 மணிக்கு எழுந்திருக்க நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள். நட்புக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் இப்படி விட்டுக்கொடுக்க எல்லோருக்கும் நண்பர்கள் கிடைப்பதில்லை. இன்டர்வியூ எடுக்கிற ஹெச்.ஆர். காலை 6 மணிக்கு வரமாட்டார். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்ல 2023 ஜனவரி முதல் குறைந்தபட்சம் 2 எம்.பி.பி.எஸ். டவுன்லோட் ஸ்பீடு வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த வரையறையில் இருக்கும் எண் ஸ்பீடுக்கு மட்டும்தான். டிராய் 2024-ல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளில் தாமதத்துக்கும் இடம் கொடுத்தார்கள், நல்ல விஷயம். ஆனால் ரீசார்ஜ் கடையில் தொங்கும் அட்டையில் இன்னும் ஜி.பி.யும் நாளும்தான் இருக்கின்றன. விற்கிறவன் சொல்லாத தரத்தை வாங்குகிறவன் கேட்டாவது வாங்க வேண்டும். கேபிள் வராத ஊர்க்காரர்களுக்கு வேறு கடையும் இல்லை.

அடுத்த முறை யாராவது சிம் ரவுட்டர் விற்க வந்தால் ஸ்பீடு கேட்காதீர்கள். "ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு பிங் எவ்வளவு ஆடும்?" என்று கேளுங்கள். பதில் வராது. பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது வரும்.