கப்பலுக்குப் போக எந்த ஊரில் விமானம் ஏறுவது?



கடந்த ஆண்டுகளில் நம் ஊர்களிலிருந்து பலரும் குடும்பத்தோடு சொகுசுக் கப்பல் பயணம் சென்று வரத் தொடங்கியிருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டுக் காலாண்டு விடுமுறையில் நாங்களும் சென்று வந்தோம், அல்ஹம்துலில்லாஹ். கப்பலைப் பற்றி எழுதுமாறு நண்பர்கள் கேட்டனர். ஆயினும் எங்கள் நினைவில் கப்பலைவிட அதிகமாகத் தங்கியிருப்பது, அந்தக் கப்பலின் வாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்த கதைதான். ஆகவே அதையே எழுதுகிறோம்.

"நாங்கள்" என்பது காயல்பட்டினத்தில் வாழும் கணவன் மனைவி இருவர். எங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர் உம்மா. எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. எழுதும் வசதிக்காக உம்மா என்றே குறிப்பிடுகிறோம். வயது எழுபத்தொன்று, முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தவர்.

கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தும் உம்மா ஒருநாளும் கப்பலில் ஏறியதில்லை. ஹஜ்ஜுக்குப் போனது சென்னையிலிருந்து விமானத்தில். மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் 1995ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன; உம்மா புறப்பட்டது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. பின்னர் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்னும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது, வாப்பா ஹயாத்தோடு இருந்தார்கள். இளமையில் கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள். "மழைக்காலம் கழியட்டும், உன்னைக் கப்பலிலேயே கொழும்புக்குக் கூட்டிப் போறேன்" என்று உம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். மழைக்காலம் கழியும் முன்பே, அந்த நவம்பரிலேயே கப்பல் நின்றுபோனது. இரண்டாண்டில் வாப்பாவும் மவுத்தாகிவிட்டார்கள். உம்மா அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. ஒரே ஒருமுறை, பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் கப்பல் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, "கரையே தெரியாத இடத்துக்கெல்லாம் இது போகுமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

முதலில் எங்கள் கைக்கு வந்தது ஒரு பயண முகவரின் விளம்பரத் தாள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுப் பயணம்; மதுரையிலிருந்து விமானம் உட்பட ஒரே கட்டணம். மதுரை எங்களுக்குக் காரில் மூன்றரை மணி நேரம். மகிழ்ந்து போனோம். "மதுரை" என்ற சொல்லின் தலைமேல் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருந்தது. தாளின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அதன் விளக்கம்: மதுரைப் புறப்பாடு இரண்டு தேதிகளுக்கு மட்டுமே, ஏனைய தேதிகளுக்குச் சென்னை. அந்த இரண்டு தேதிகளும் ஏப்ரலில், பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கும் வாரத்தில் இருந்தன.

ஏன் இப்படி என்று விசாரித்தபோது சில செய்திகளை அறிந்துகொண்டோம். கப்பலுக்கு ஆள் சேர்ப்பவர்கள் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் விமானத்தில் ஒரு தொகுதி இருக்கைகளை முன்கூட்டியே வாங்கி வைக்கிறார்கள். சென்னையில் அவை விற்றுத் தீர்ந்துவிடும். சிற்றூர்ப் பக்கம் தேங்கிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அது அவர்கள் வணிகம். ஆனால் மதுரையின் குறை அதனினும் பெரியது. ஒரு நாட்டின் விமான நிறுவனம் மற்றொரு நாட்டின் எந்தெந்த ஊர்களில் இறங்கலாம் என்பதை இரு அரசுகளும் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. சிங்கப்பூர், மலேசிய ஒப்பந்தங்களில் திருச்சி இருக்கிறது, மதுரை இல்லை. ஆகவே அந்நாட்டு விமானங்கள் திருச்சிக்கு வருகின்றன, மதுரைக்கு வர இயலாது. இந்திய நிறுவனம் இயக்கினால் உண்டு. அதுவும் நாள்தோறும் இல்லை. தென்மாவட்ட மக்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து வருகிறார்கள். இலங்கை ஒப்பந்தத்தில் மட்டும் மதுரை உண்டு. இது பிறகு எங்களுக்கு உதவிய செய்தி. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் தூத்துக்குடி நிலையத்திலோ அன்றைய ஓடுபாதை 1,350 மீட்டர் அளவே, ஏ.டி.ஆர். என்னும் சிறு விமானங்கள் உள்நாட்டுக்குள் பறப்பதோடு சரி.

சென்னை வழியை யோசித்துப் பார்த்தோம். தூத்துக்குடியில் சிறு விமானத்தின் படியேறி, சென்னையில் இறங்கி, பெட்டிகளை மீட்டு, பன்னாட்டு முனையத்துக்கு மாறி, நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். உம்மாவின் கால்களுக்கு அது ஆகாது. முடிவில் கப்பலை மட்டும் முகவரிடம் பதிந்துகொண்டு, விமானச் சீட்டை நாங்களே திருச்சியிலிருந்து எடுப்பது என்று ஆனது. உம்மா, காக்கா, அவர் மனைவி, அவர்களுடைய இரு பிள்ளைகள், நாங்கள் இருவர்: மொத்தம் ஏழு பேர்.

இங்கேதான் நாங்கள் பிழை செய்தோம். திருச்சியில் நள்ளிரவுக்குப் பின் புறப்படும் ஒரு விமானம் காலையில் சிங்கப்பூர் சேர்கிறது. கப்பல் மாலை ஐந்து மணிக்கு. ஒருநாள் முன்பாகவே போய்விடுவோம் என்றார் காக்கா. நாங்கள் இருவரும் மறுத்தோம். ஏழு பேருக்குச் சிங்கப்பூரில் அறை எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். "கப்பல் நமக்காக நிற்காதும்மா" என்று மட்டும் தங்கையிடம் சொல்லிவிட்டு, காக்கா விட்டுக்கொடுத்தார்.

பயணத்துக்குப் பத்தொன்பது நாட்கள் இருக்கையில் விமான நிறுவனத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நள்ளிரவு விமானம் அன்று நண்பகலுக்கு மாற்றப்பட்டிருந்தது. நாலு மணி நேரப் பறத்தல், அதோடு சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இறங்கும்போது அங்கே மாலை ஆறரை. கப்பல் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

விமான நிறுவனம் சீட்டுப் பணத்தை முழுமையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னது. கப்பல் பணம் திரும்பாது என்றார் முகவர். ரத்துக்கான காலம் கடந்துவிட்டது, விமானச் சீட்டு எங்கள் பொறுப்பு என்று தாம் ஒப்புதல் வாங்கியிருப்பதாகக் காட்டினார். கையெழுத்து எங்களுடையதுதான். விமானமும் கப்பலும் ஒரே சீட்டாக வாங்கியிருந்தால் மாற்று வழி தேடித் தருவது விற்றவரின் கடமையாக இருந்திருக்கும். தனித்தனியே வாங்கினால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி முழுவதும் நம் தலையில்தான். அந்தப் பணத்தில் பெரும்பகுதி உம்மா தம் வளையல் ஒன்றை விற்றுத் தந்தது. எங்களுக்குத் தெரியாமல் விற்று, பிறகு தந்தது.

அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் சரியாகச் சாப்பிடவில்லை. காக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதே எங்களுக்குப் பெரும் துன்பமாக இருந்தது. இஷா தொழுதுவிட்டு அழைத்தோம். அவர் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. "சரி, எத்தனை இருக்கை கிடைக்குதுன்னு பாரு" என்றார். குறை சொல்லியிருந்தால் எங்களுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

திருச்சியிலிருந்து முந்தின நாள் விமானத்தில் நான்கு இருக்கைகள்தாம் இருந்தன. மதுரையிலிருந்து அந்த வாரம் பொருந்தும் விமானம் இல்லை. திருவனந்தபுரமும் பார்த்தோம், இல்லை. பின்னர்தான் அந்த இலங்கை ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து சிங்கப்பூர். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே சீட்டு. முதல் விமானம் தாமதித்தால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. சக்கர நாற்காலி மூன்று நிலையங்களிலும் கிடைக்கும். மூன்று இருக்கைகள் இருந்தன. காக்காவின் குடும்பம் திருச்சி வழி, நாங்கள் உம்மாவோடு கொழும்பு வழி என்று முடிவாயிற்று. செலவு, முதலில் மிச்சப்படுத்த நினைத்த அறை வாடகையைவிடக் கூடுதலாக ஆனது.

கொழும்பு என்று சொன்னதும் உம்மா எங்களை ஏறிட்டுப் பார்த்தார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

மதுரையில் ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்காவில் இறங்கினோம். அந்த நிலையம் நகரத்துக்கு வெளியே, நீர்கொழும்புப் பக்கம் இருக்கிறது. கொழும்பின் ஒரு தெருவைக்கூட அங்கிருந்து காண முடியாது. காத்திருந்த நேரம் முழுவதும் உம்மா கண்ணாடிச் சுவர் அருகே நாற்காலியை நிறுத்தச் சொல்லி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென்னை மரங்களும் ஓடுபாதையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. தேநீர் வாங்கி வந்து கொடுத்தபோது, "வாப்பாட கடை இங்கேருந்து எந்தப் பக்கம்?" என்றார்கள். தெற்கே கைகாட்டினோம். அந்தப் பக்கம் பார்த்து மெதுவாக ஃபாத்திஹா ஓதினார்கள். அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை காக்கா குடும்பமும் எங்களோடு சேர்ந்துகொள்ள, தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்கா கட்டடத்தைக் காண அழைத்துச் சென்றார் உறவினர். 1828க்கும் 1830க்கும் இடையில் நம் கடற்கரையிலிருந்து சென்றவர்கள் கட்டியது. அந்தத் தெரு அன்று கடலோரமாக இருந்ததாம். கப்பலை விட்டு இறங்கியவர்கள் சில எட்டில் அங்கே வந்திருப்பார்கள். இன்று கடலைத் தூர்த்துத் தூர்த்து நகரம் வெகுதூரம் வளர்ந்துவிட்டது. நாங்கள் கப்பல் ஏற வேண்டிய மரினா பே துறையே அப்படித் தூர்த்த நிலத்தில் நிற்பதுதான். கப்பல் நுழைவு முடியும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே போய் வரிசையில் நின்றோம். காக்கா அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் சூதாட்டக் கூடம் உண்டு, மதுவும் உண்டு. ஆகவே போகவே கூடாது என்பார் உளர். அவர்கள் கருத்தை மதிக்கிறோம். நாங்கள் ஹலால் சான்று பெற்ற உணவுக்கூடம் இருப்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்னரே பதிந்தோம். அந்தத் தளங்களுக்குப் பிள்ளைகளை விடவில்லை. ஜம்உ, கஸ்ர் பற்றி ஊரில் ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொண்டோம். கிப்லாதான் சோதனையாக இருந்தது. இரும்புக் கப்பலுக்குள் கைப்பேசியின் திசைகாட்டி நிலை தடுமாறுகிறது. அறைத் தொலைக்காட்சியில் கப்பல் போகும் திசையைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்து, மேற்குக்குச் சற்று வடக்காகக் கணக்கிட்டுத் தொழுதோம். விசா எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால் பலமுறை நுழையும் அனுமதி தேவை.

மலாக்கா நீரிணையில் கரை அவ்வப்போது தென்பட்டுக்கொண்டே இருந்தது. பினாங்கில் இறங்கிக் கப்பித்தான் கெலிங் பள்ளியில் ளுஹர் தொழுதோம். அன்றிரவு கப்பல் வடக்கே அந்தமான் கடலுக்குள் போயிற்று. விடியலில் ஃபஜ்ர் தொழுத பின் உம்மாவை நாற்காலியோடு மேல்தளத்துக்கு அழைத்துச் சென்றோம். நான்கு பக்கமும் நீர். உம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசவில்லை. நெடுநேரம் கழித்து, "இவ்வளவு பெரிசா இருக்கே, மக்கா" என்றார்கள். பிறகு தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்கள். சூரியன் முழுதாக மேலேறும் வரை கீழே வர மறுத்துவிட்டார்கள்.

திரும்பும்போது ஏழு பேரும் ஒன்றாகத் திருச்சியில் இறங்கி, ஒரே வேனில் ஊர் வந்தோம். ஏறத்தாழ ஆறு மணி நேரம்.

2025 ஜூலையில் தூத்துக்குடியின் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. பெரிய விமானங்கள் இறங்கலாம். அந்தச் செய்தியை நாளிதழில் படித்துக் காட்டியபோது, "இங்கேருந்தே கொழும்புக்கு எப்ப விடுவாங்க?" என்று கேட்டார்கள் உம்மா. அன்று மாலையே காக்காவும் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த விடுமுறைக்கு ஒரு விளம்பரத் தாள் வந்திருக்கிறதாம், மதுரையிலிருந்து விமானம் உட்பட. முதலில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள் காக்கா என்றோம். பார்த்துவிட்டேன், இருக்கிறது என்றார்.