தூண்டில் கம்பு எந்த வகை நெம்புகோல்?



போன வாரம் கையில் மீனோடு நான் நிற்கிற படத்தைப் பேரன் எடுத்துப் போட்டாலும் போட்டான், இன்னும் பதில் சொல்லி முடியவில்லை. "சார், நீங்களா?" என்று பாதிப் பேர். "அத்தான், அமெரிக்கா போயி இந்த வேலையா பாக்கீங்க?" என்று என் மைத்துனன். டல்லாஸிலும் ஃபுளோரிடாவிலும் இருக்கும் மாணவர்கள் மூன்று பேர் மட்டும் உருப்படியாக ஒன்று கேட்டிருந்தார்கள்: "சார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக என்ன ராடு, என்ன ரீல் வாங்கலாம்?" அவர்களுக்காகத்தான் இந்த நீளமான பதிவு. இன்னொருவனுக்காகவும்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்கு மாதமாக ஹூஸ்டனில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு 12 வயது. பக்கத்து வீட்டுக்காரரோடு இரண்டு முறை ஏரிக்குப் போய்வந்தவன், "தாத்தா, எனக்குச் சொந்தமா ஒரு ராடு வேணும்" என்று பிடிவாதம் பிடித்தான். என் மகனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன் தூண்டில் தொட்டதில்லை. தொட நான் விட்டதில்லை. ஆகவே மூவரும் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனோம். கடையில் பார்த்தால் சுவர் முழுக்கக் கம்புகள்! எது எதற்கென்று புரியவில்லை. நம் ஊரில் மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, முள், ஈயக்குண்டு, தக்கை. தீர்ந்தது கதை. இங்கே ஒவ்வொரு கம்பிலும் பிடிக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கிறது. அந்த வரியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த வரியில் நான்கு சங்கதி இருக்கும்.

முதலாவது நீளம். இங்கே அடியில்தான் சொல்வார்கள். நீளமான ராடு தூரம் வீசும். குட்டையானது குறி தவறாமல் வீச வசதி. பெரியவர்களுக்கு 7 அடி எல்லாவற்றுக்கும் பொருந்தும். பேரன் உயரத்துக்கு ஆறரை அடி வாங்கினோம்.

இரண்டாவது பவர். கம்பை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் அது. அல்ட்ரா லைட், லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது ஆக்‌ஷன். கம்பு எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும். மீன் தொட்டதும் கைக்குத் தெரியும், முள்ளும் சட்டென்று ஏறும். மாடரேட் என்றால் பாதிக் கம்பு வரை வளையும். பவரையும் ஆக்‌ஷனையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் குழம்பினேன், பேரன் திருத்தினான்.

நான்காவது, எத்தனை பவுண்டு நரம்பு, எவ்வளவு எடையுள்ள செயற்கை இரை என்ற கணக்கு. இரை எடையை அவுன்ஸில் போட்டிருப்பார்கள். கால் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 7 கிராம். கம்பு தாங்கும் எடைக்குக் குறைந்த இரையைக் கட்டினால் தூரம் போகாது. மிஞ்சிய எடையைக் கட்டி ஓங்கி வீசினால் கம்பு ஒடியும்.

இனி எந்த மீனுக்கு என்று பார்ப்போம். இங்கே ஏரிகளில் எல்லாரும் தேடிப்போவது லார்ஜ்மவுத் பாஸ். குணத்தில் நம் விராலைப் போல. பாசிக்குள்ளும் படகுத்துறைத் தூண் ஓரத்திலும் ஒளிந்திருந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாயும். அது வெகுதூரம் ஓடாது. ஆனால் பாசிக்குள் புகுந்துகொள்ளும். புகுமுன் இழுத்தாக வேண்டும். அதனால் பாசி மண்டிய இடங்களில் மீடியம் ஹெவி ராடும் கனத்த நரம்பும் வைத்துக்கொள்கிறார்கள்.

கரையோர உப்புத்தண்ணீர் மீன்கள் வேறு விதம். கால்வெஸ்டன் விரிகுடாவில் ரெட்ஃபிஷ், புள்ளிபோட்ட சீ ட்ரவுட் இரண்டும் பிரசித்தம். பெயரில் ட்ரவுட் இருந்தாலும் அது ட்ரவுட் இல்லை. இரண்டுமே நம் கத்தாளைக் குடும்பம்தான். சீ ட்ரவுட்டுக்கு வாய்ச் சதை மெல்லியது. விறைப்பான கம்பால் வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். ரெட்ஃபிஷ் மறைவுக்குள் புகாது, ஒரே ஓட்டமாக ஓடும். அதற்கு நரம்பு நிறைய கொள்ளும் ரீல் வேண்டும்.

ஏரிக்கும் கடலோரத்துக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் என் சிபாரிசு இது: 7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ஸ்பின்னிங் ராடு, 3000 அளவு ரீல். 2500 என்றால் பாஸுக்குப் போதும், ரெட்ஃபிஷுக்குக் கொஞ்சம் நெருக்கடி. 4000 என்றால் நாள் முழுக்க வீசக் கை வலிக்கும். இந்த எண் எல்லாக் கம்பெனியிலும் அச்சாக ஒரே அளவு இல்லை. கையில் எடுத்து, ராடில் மாட்டி, கனம் பார்த்து வாங்குங்கள்.

ரீலில் இரண்டு ஜாதி. பெய்ட்காஸ்டர் என்பதில் வீசும்போது உருளையே சுற்றும். இந்த வகையின் மூதாதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் செய்த ரீல். கடிகாரப் பற்சக்கரம் தெரிந்த கை! இதில் குறி பிசகாமல் வீசலாம். ஆனால் இரை தண்ணீரில் விழும் நேரத்தில் கட்டைவிரலால் உருளையை நிறுத்தத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நரம்பு குருவிக்கூடு ஆகிவிடும். கடைக்காரர் கொடுத்த மாதிரியை நான் ஒரே ஒரு தடவை வீசிப் பார்த்தேன். கூட்டைப் பிரிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது.

ஸ்பின்னிங் ரீலில் உருளை அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பு வழியாகக் கழன்று போகும். இதற்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஆல்ஃப்ரெட் இல்லிங்வொர்த். நூல் ஆலைத் தொழிலில் இருந்தவர். ஆலையில் பாபினிலிருந்து நூல் கழன்று வருவதுதான் அவருக்கு யோசனை கொடுத்தது. உங்களில் பலருடைய அப்பாக்கள் மில்லில் வேலை பார்த்தவர்கள், இது சட்டென்று விளங்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதுதான் சரி.

ரீலில் 6.2:1 என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்? கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் முன்பக்கச் சக்கரம் 6.2 சுற்று சுற்றும். நரம்பு சுற்றிய உருளையின் விட்டம் 4.5 செ.மீ. என்று வையுங்கள். சுற்றளவு 14 செ.மீ.க்குச் சற்று மேல். 6.2ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு சுமார் 88 செ.மீ. நரம்பு உள்ளே வரும். எண் கூடினால் வேகம் கூடும், இழுவை பலம் குறையும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பாடம் மறந்துவிடவில்லையே?

ரீலில் விலை கொடுக்க வேண்டிய பாகம் ட்ராக். மீன் குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் உருளையை வழுக்கவிட்டு நரம்பை வெளியே கொடுக்கும் உராய்வு அமைப்பு அது. நரம்பு தாங்கும் பளுவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 15 பவுண்டு நரம்பென்றால் 2 கிலோ அளவில். கையால் இழுத்துப் பார்த்து உத்தேசமாக வைக்கிறார்கள். நான் சுருள்வில் தராசு ஒன்று வாங்கி, நரம்பு நுனியில் மாட்டி இழுத்து, 2 கிலோவில் வழுக்கும்படி திருகி வைத்தேன். வாத்தியார் புத்தி.

அப்படித் திருகிய கையாலேயே அதைக் கெடுத்தவனும் நான்தான். இங்கே 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தாக வேண்டும். எடுத்துக்கொண்டு லேக் கான்ரோ போனோம். ஒன்றரை மணி நேரம் கழித்து என் தூண்டிலில் ஒரு பாஸ் மாட்டியது. உருளை கிர்ரென்று சத்தம் போட்டு நரம்பு வெளியே போகப் போக எனக்குப் பதற்றம். "ஓடுதே!" என்று ட்ராக்கை முழுக்க இறுக்கிவிட்டேன். டப். அவ்வளவுதான். பேரன் என்னைப் பார்த்தான். "தாத்தா, விட்டாத்தான் வரும்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை கால்வெஸ்டன். கரையிலிருந்தே வீசினோம். பாப்பிங் கார்க் என்ற தக்கை. அதன் கீழே இரண்டடியில் உயிர் இறால். தக்கையை அவ்வப்போது வெட்டி இழுத்தால் களக் என்று சத்தம் வரும், மீன் தேடி வரும். வந்தது. மூன்று முறை ஓடியது, மூன்று முறையும் விட்டேன். பத்து நிமிடம் கழித்துக் கரைக்கு வந்தது 23 அங்குல ரெட்ஃபிஷ். வால் பக்கம் கறுப்புப் பொட்டு. டெக்சாஸில் 20 முதல் 28 அங்குலம் வரை இருந்தால்தான் சாதாரணமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அளந்து பார்த்துத்தான் எடுத்தோம். நீங்கள் பார்த்த படம் அதுதான். மருமகள் புளிக்குழம்பு வைத்தாள்.

உப்புத்தண்ணீரில் போட்ட ரீலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பீய்ச்சி அடிக்காமல், ட்ராக்கை இறுக்கி வைத்துவிட்டு மெல்லத் தெளித்துத் துடைக்க வேண்டும். காய்ந்தபின் ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் தட்டுகள் கெட்டுப்போகும்.

இனி அந்த இன்னொருவன்.

1986. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. நெம்புகோல் மூன்று வகை நடத்திக்கொண்டிருந்தேன். கடப்பாரை, எலுமிச்சை பிழியும் கருவி, இடுக்கி. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், தூண்டில் கம்பு எந்த வகை சார்?"

வகுப்பு சிரித்தது. அன்று காலை பிரேயருக்கு அவன் பிந்தி வந்திருந்தான், கால்சட்டை ஈரத்தோடு. கேலி செய்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். "ஏல, வெளிய வா. எங்கல அந்தக் கம்பு?" என்றேன். வேலி ஓரத்தில் சொருகி வைத்திருந்ததை அவனே எடுத்து வந்தான். முழங்காலில் வைத்து ஒடித்தேன். லேசில் ஒடியவில்லை. நன்றாக வளைந்து கொடுத்தது. இரண்டாவது முறை பலம் கூட்டி ஒடித்தேன். அவன் அழவில்லை. "வளையாத கம்பு ஆகாது சார், அதான் தேடி வெட்டுனேன்" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பத்தாவதோடு நின்றுவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அவன் கேள்விக்கு அன்றைக்கே எனக்கு விடை தெரியும். மூன்றாம் வகை. ஒரு கை ஆதாரப்புள்ளி, மறு கை விசை, நுனியில் பளு. இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்குத் தெரிந்த மறுபாதி எனக்குத் தெரியாது. அது இந்தக் கடையில், ராடை வளைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு மீனுக்கு அனுகூலம், நம் கைக்குப் பாரம். கம்பு வளைய வளைய நெம்புகோலின் கை குட்டையாகிறது; மீனுக்கு இருந்த அனுகூலமும் குறைகிறது. வளைவதால்தான் அந்தக் கம்பு பிடித்திருப்பவன் பக்கம் நிற்கிறது. 14 வயதுப் பையன் இதை மூங்கில் காட்டில் தேடித் தெரிந்து வைத்திருந்தான். நான் 32 வருடம் இயற்பியல் நடத்தியவன்.

அவன் பெயரை எழுதவில்லை. அவன் செட்டுக்காரர்களுக்குத் தெரியும். அவன் இங்கே இல்லையென்றால் யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, நீ கேட்டது கேலி இல்லை. அன்றைக்கு அந்த வகுப்பில் எழுந்த நல்ல கேள்வி அது ஒன்றுதான். நான் செய்தது தப்பு. மன்னித்துக்கொள்.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். பெட்டியில் வைக்கிற மாதிரி நான்கு துண்டாகப் பிரியும் ராடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 7 அடி, மீடியம் ஹெவி. குளத்துப் பாசியில் விராலுக்குச் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு. சரியா தப்பா என்று நீதான் வளைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்