லோடை ஊரின் திராட்சைத் தோட்டங்கள்

கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரிலிருந்து வடக்கே சற்று தூரம் காரில் போனால் லோடை. எழுத்தைப் பார்த்து நாம் "லோடி" என்போம்; அங்கே "லோடை" என்றால்தான் புரியும். என் தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக ஸ்டாக்டன் போயிருந்தேன். செப்டம்பர் மாதம், அவளுடைய சிநேகிதியின் பாட்டி எங்களை லோடைக்கு அழைத்தார். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம்.

கம்பம் பக்கத்துப் பந்தல் திராட்சையைப் பார்த்துப் பழகிய எனக்கு ஒரே அதிசயம். பழைய தோட்டங்களில் பந்தலே கிடையாது! குட்டை மரம் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன கொடிகள். சில, நூறு வயசைத் தாண்டியவை. பகலில் வெயில் கொளுத்துகிறது. சாயங்காலமானால் டெல்டா பக்கமிருந்து ஜில்லென்று காற்று.

ஒரே தோட்டத்தில் பல ஜாதி. இனிப்பான சின்ஃபண்டல், புளிப்புக்குக் காரின்யான், நிறத்துக்கு அலிகாந்தே. அலிகாந்தேயை நசுக்கிப் பாருங்கள், சதையே சிவப்பு! 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோதும் வீட்டு உபயோகத்துக்குப் பழரசம் தயாரிக்கச் சட்டம் இடம் விட்டிருந்தது. அதனால் கெட்டித் தோலுள்ள இந்தப் பழம் ரயிலேறி கிழக்குப் பக்கத்து வீடுகளுக்குப் போனதாம்.

"எல்லாத்தையும் ஒண்ணாவே போட்டுடுவீங்களா?" என்று பாட்டியைக் கேட்டேன்.

"எங்க மாமனார் காலத்திலே ஒரே நாள் பறிச்சு, ஒரே தொட்டியிலே போடுவாங்க. அப்புறம் அளவை மாத்த முடியாதே! ஒண்ணு முன்னே பழுக்கும், ஒண்ணு பின்னே பழுக்கும். நான் தனித்தனியாத்தான் போடறேன்" என்றார்.

பொங்கி அடங்கி, கசடு இறங்கி, சில மாதங்கள் போன பிறகுதான் கலக்கிறார். நாம் பீபெரியும் பிளான்டேஷனும் தனித்தனியே வறுத்து, கொஞ்சம் கலந்து டிகாஷன் போட்டுப் பார்ப்பதில்லையா? அதே கதைதான். அளவுக் குவளையில் 70 மில்லி சின்ஃபண்டல், 20 காரின்யான், 10 அலிகாந்தே. அடுத்த குவளையில் வேறு அளவு. பிடித்ததைக் குறித்து வைத்து, அதே விகிதத்தில் பெரிய ஜாடியில் கலக்கிறார். உடனே பாட்டிலில் அடைப்பதில்லை. சில வாரம் வைத்து, மறுபடி பொங்குகிறதா, கலங்குகிறதா என்று பார்க்கிறார்.

காடி வாடை அடித்த ஜாடியை மட்டும் எதிலும் சேர்ப்பதில்லை. திரிந்த பாலை நல்ல பாலில் விட்டால் இரண்டும் போச்சே!

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நிறைமாதமாயிருந்த தங்கைக்குப் பாட்டி தந்தது, காய்ச்சி ஆறவைத்த புதுத் திராட்சைச் சாறு. அங்கே கடை பாட்டிலில் 1989 முதல் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையை அச்சிட வேண்டும். "வீட்டு ஜாடிக்கு ஏதும்மா லேபிள்? நாமதான் சொல்லணும்" என்றார்.

சகோதரிகளே, அங்கே பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருஷம் 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் வரை அனுமதி, விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் வீட்டில் ஒயின் போடச் சட்டம் இடம் தராது. "வீட்டில் செய்தது, ஒன்றும் பண்ணாது" என்று யார் நீட்டினாலும், வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் ஒரு வாய்கூட வேண்டாம். இவ்வளவு வரை குடிக்கலாம் என்று பயமில்லாத அளவு எதையும் டாக்டர்கள் சொல்வதில்லை.