402 மீட்டருக்கு ஒரு ஃபியட்

கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய பட்டறைகளுக்கு விசைப்படகுகள்தான் சோறு போடுகின்றன. கிராங்க் தேய்ந்துவிட்டது, ஷாஃப்ட் வளைந்துவிட்டது என்று யாராவது வந்தபடியே இருப்பார்கள். அப்படியொரு பட்டறையின் பின்கொட்டகையில் இன்ஜின் இறக்கிய பிரீமியர் பத்மினி ஒன்று நிற்கிறது. பின்சீட் இல்லை, பம்பர் இல்லை, கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சாமானும் இல்லை. டிராக் (drag) ரேஸுக்குத் தயாராகிறது. வளைவே இல்லாமல் நேராகக் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி முதலில் கோட்டைத் தாண்டுகிற வண்டிக்கு வெற்றி.

“புதுசா என்னென்ன போடப்போறீங்கண்ணே?” பட்டறை அண்ணனிடம் கேட்டேன்.

“போடறதா? இன்னும் எதைக் கழட்டலாம்னு பாத்துட்டிருக்கேன் தம்பி.”

கணக்கு சரிதான். 1089 சிசி இன்ஜின், புதிதாக இருந்த காலத்திலேயே நாற்பது சொச்சம் குதிரைத்திறன். வண்டியின் எடை 900 கிலோவை ஒட்டி. அதில் நூறு கிலோவைக் கழற்றினால் இன்ஜினில் ஐந்து குதிரைத்திறன் ஏற்றிய மாதிரி, செலவும் கிடையாது. தரைத்தகட்டில் பாதியைக் கடலூர் உப்புக்காற்று ஏற்கெனவே கழற்றிவிட்டது. ஆனால் அதைத் திரும்பப் போட்டே ஆகவேண்டும், ஓட்டுகிறவர் உட்கார வேண்டுமே!

கழற்றிய சிலிண்டர் ஹெட்டோடு நாற்பது சொச்சம் கிலோமீட்டர் தெற்கே சிதம்பரத்துக்குப் போனோம். அங்கிருக்கிற லேத் பட்டறைக்குப் பிழைப்பு டிராக்டரும் பம்புசெட்டும் அறுப்பு மிஷினும். அறுவடை நேரத்தில் ரேஸ் வேலைக்கு ராத்திரிதான் முறை.

லேத் பட்டறைப் பெரியவர் அலுமினிய ஹெட்டின் அடிப்பரப்பை மெல்லச் சீவி எடுத்தார். சீவச் சீவ உள்ளே எரியும் குழி சிறுக்கும், பெட்ரோல் கலவை இன்னும் நெருக்கப்பட்டு வெடிக்கும். இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு 272 சிசி. ஒன்பதுக்கு ஒன்று என அழுத்தம் வேண்டுமானால் குழி 34 சிசி இருக்க வேண்டும், கேஸ்கெட்டின் கனத்தையும் சேர்த்து. ஹெட்டைக் கவிழ்த்து, வால்வையும் பிளக்கையும் மாட்டி, குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டை ஒட்டினார். மெடிக்கலில் வாங்கிய சிரிஞ்சால் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கடைசிக் காற்றுக்குமிழி ஓட்டை வழியே வெளியேறும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. மூன்று குழிகள் ஒரே அளவு. நான்காவது மட்டும் அரை சிசி குறைவு. அதைப் பெருக்க, விரல் நுனியில் எமரி தாளைச் சுற்றிக்கொண்டு தேய்த்தார், அளந்தார், மறுபடி தேய்த்தார். அரை சிசிக்கு ஒரு ராத்திரி.

ஒரு காலத்தில் சோழவரம் கார்ப் பந்தயங்களில் ஓடிய ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் இப்படிப்பட்ட கைகளில் தயாரானவைதான். இரண்டாம் உலகப்போரின்போது அங்கே போட்ட விமான ஓடுதளத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வந்தது. அமெரிக்காவிலும் டிராக் ரேஸ் பெரிதாக வளர்ந்தது போர் முடிந்து சும்மா கிடந்த ஓடுதளங்களில்தான். அங்கே இன்று உச்சப் பிரிவு வண்டிகள் 305 மீட்டரை நான்கு விநாடிக்குள் கடக்கின்றன. அது வேறு கிரகம், விடுங்கள்.

நம் பத்மினியின் தலைவலி கிளம்பும் இடத்தில் இருக்கிறது. கிளட்சைச் சட்டென்று விட்டால் பின் ஆக்சில் பட்டை ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டு எழும்பும், டயர் ரோட்டைப் பிடிக்காமல் துள்ளும். ஆக்சிலிலிருந்து முன்பக்கமாக ஓர் இரும்புத் தண்டைக் கட்டி அந்த முறுக்கலை அடக்கப்போகிறார்கள். பேட்டரியைப் பின்டிக்கிக்கு மாற்றியதும் பின்சக்கரத்தில் பாரம் விழத்தான்.

இத்தனை மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் விடாது. லாரியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் சீறுகிற பையன்களை எனக்குப் பிடிப்பதில்லை. அண்ணனுக்கு அவர்கள்மேல் என்னைவிடக் கோபம். “ரேஸ் தடத்துல ஓட்டத் தெம்பில்லாதவன் தம்பி” என்கிறார்.

“சரி, ஓட்டப்போறது யாருண்ணே? நீங்களா?”

தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். “நான் ஏறினா கழட்டின பின்சீட்டைத் திரும்ப ஏத்தின மாதிரி. மச்சான்தான் ஓட்டுவான். ஐம்பத்திரண்டு கிலோ.”