பன்னிரண்டு வயசு ராஜா

மைத்துனனுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றே வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. "என் புடவையைக் காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்துடலாங்க."

'எடுத்துடலாம்' என்றால் புடவையை அவள் எடுப்பாள், பணத்தை நான் எடுக்க வேண்டும். நான் பி.காம். பற்று, வரவு இரண்டும் படித்தவன். கல்யாண சீசனில் முதலாவதுதான் உபயோகப்படும்.

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். பல்லவர்களுக்கு இதுதான் தலைநகரம். அப்போது சென்னை என்று ஒரு ஊரே கிடையாது. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்ரீகர் யுவான் சுவாங் இங்கே வந்து போயிருக்கிறார். புடவை எடுத்ததாகக் குறிப்பு இல்லை. கூட மனைவி வரவில்லை போலிருக்கிறது.

"முதல்ல சாமி, அப்புறம் கடை" என்றாள். கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். ராஜசிம்ம பல்லவன் சுமார் 1,300 வருஷங்களுக்கு முன் கட்டியது. அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை ஜெயித்து உள்ளே வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தை அள்ளிக்கொண்டு போகாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தானாம். காஞ்சிபுரத்தில் கைக்கு வந்த பணம் திரும்பிப் போனது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வைகுண்டப் பெருமாள் கோயில். பிராகாரச் சுவர் முழுக்கப் பல்லவர் கதை, கல்லில் படக்கதை மாதிரி ஓடுகிறது. அதிலே ஒரு கட்டம் என்னை நிறுத்திவிட்டது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் போய்விட, ஊர்ப் பெரியவர்கள் தேடிப் போய் ஒரு பையனை அழைத்து வந்து முடி சூட்டினார்கள். பிற்பாடு இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன்தான் அவன். பட்டத்துக்கு வந்தபோது வயது 12! அந்த வயதில் எனக்கு டிராயர் பட்டன் போடவே ஆள் தேவைப்பட்டது. பெயரை நோட்டில் குறித்துக் கொண்டேன்.

பிறகு காந்தி ரோடு. கடையில் மலையாகப் புடவைகளை விரித்துப் போட்டார்கள். முதலில் பார்த்ததையே கடைசியில் எடுத்தாள். நான் முக்கால் மணி நேரம் வாதாடி ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டு, விக்கிரமாதித்தன் தோரணையில் வெளியே வந்தேன்.

ஆட்டோக்காரர் பையைப் பார்த்தார். "தறி பாத்திருக்கீங்களா சார்? நானும் தறிக்காரன்தான். வித்துட்டுதான் இதை வாங்கினேன். வாங்க, மாமா வீட்டுக்குக் கூட்டிப் போறேன்."

பிள்ளையார்பாளையம் போகிற வழியில் பேச்சு அண்ணா மேல் திரும்பியது. 1909-ல் இதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1967-ல் முதலமைச்சர் ஆனவர். "அவர் வீட்டை நினைவு இல்லமா வெச்சிருக்காங்க சார். எங்க வீடுங்க நினைவு இல்லாமலே அப்படியே இருக்கு."

மாமாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். இழுத்துக் கட்டின பாவு, வீட்டில் பாதியை அடைத்திருந்தது. உடம்பு ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதுதான் கோர்வை. இதற்கு ஓர் ஆள் போதாது. வலது ஓரத்தில் அவர் மனைவி உட்கார்ந்து பார்டர் நாடாவைத் தள்ளிக் கொடுத்தார்.

"பட்டு கர்நாடகாவிலேர்ந்து வருது, ஜரிகை சூரத்து. டிசைன் முதலாளி குடுக்கிறார்."

"அப்ப உங்களுது எது?"

"இடுப்பு வலி சார்" என்று சிரித்தார்.

இந்தப் புடவைக்குப் பதினைந்து நாளாகுமாம். கூலியைச் சொன்னார். பி.காம். மூளை சும்மா இருக்குமா? பதினைந்தால் வகுத்து, ரெண்டு ஆளால் வகுத்தேன். முன்பு நான் வேலை பார்த்த ஆபீசில் டீ வாங்கி வரும் பையனுக்கே இதைவிட அதிகம். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் அதுவும் கிடையாது. நான் குறைத்த ஐந்நூறு ரூபாய் சட்டைப் பையில் உறுத்தியது.

"எத்தனை வருஷமா நெய்யறீங்க?"

மனைவி உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார். "பன்னெண்டு வயசுல அங்க உக்காந்தேன். அப்பா முன்பணம் வாங்கிட்டார். அது அடையற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. அடையவே இல்ல."

அந்தக் காலத்தில் கோர்வைக்கு ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சின்னப் பையன்கள்தான். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தும், அவர்கள் உடனே எழுந்து பள்ளிக்கூடம் போய்விடவில்லை. இவர் பிள்ளை மட்டும் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிறான். "அவனுக்குத் தறியில நூல் எடுத்துக் குடுக்கக்கூடத் தெரியாது சார்" என்றார். வருத்தமா பெருமையா, கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் புடவையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. உலக அதிசயம்தான். பூந்தமல்லி தாண்டினதும் கேட்டாள். "ஏங்க, அவர் பேரு என்ன?"

நோட்டைத் திறந்தேன். பன்னிரண்டு வயசில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவன் பெயர் இருந்தது. பன்னிரண்டு வயசில் குழியில் உட்கார்ந்தவர் பெயரை நான் கேட்கவே இல்லை.